"மாணவிகள் பலர்"ன்னா யாருங்க?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கமுங்க.

இதுவரைக்கும் எந்தப் பேப்பருக்கும் லெட்டர் எழுதுனவ இல்லைங்க நான். எங்க வீட்ல பேப்பர் வாங்குறதே ஞாயித்துக்கிழமை மட்டுந்தான், மத்த நாள்ல கம்பெனிக்குப் போற வழில பெட்டிக்கடைல தொங்குற போஸ்டரைப் பார்த்துக்கறதோட சரி. ஆனா 2025 ஆகஸ்ட் 17 ஞாயித்துக்கிழமை மட்டும் உங்க பேப்பர் நாலு வாங்குனேனுங்க. சுதந்திர தினத்துக்குப் பிரஸ்ஸுக்கு லீவு, 16-ஆம் தேதி பேப்பர் வராதுன்னு கடைக்காரர் சொல்லிட்டாரு, அதனால 17-க்குக் காத்திருந்து காலைல ஆறு மணிக்கே போய் நின்னேன். எனக்கு ஒன்னு, எங்க அம்மாவுக்கு ஒன்னு, கொக்கோ டீம் கேப்டன் புள்ள வீட்டுக்கு ஒன்னு, இன்னொன்னு எதுக்குன்னு தெரியல, இருக்கட்டுமேன்னு வாங்குனது.

அவிநாசி பக்கம் எங்க ஊரு கவர்மென்ட் கேர்ள்ஸ் ஸ்கூல்ல ஆகஸ்ட் 15-ஆம் தேதி கொடியேத்துன கையோட, ஜூலைல ஜோனல் போட்டில கொக்கோ ஜெயிச்ச புள்ளைங்களுக்குப் பாராட்டு விழாவும் வச்சாங்க. அந்த நியூஸ் வந்திருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது, நல்லா பெருசாவே போட்டிருந்தீங்க. போட்டோவுல அஞ்சு வேட்டி, ரெண்டு பட்டுச்சேலை, நடுவுல கப்பு. கப்புக்குப் பின்னாடி ரிப்பன் கட்டுன ஒரு சடை தெரியுது, அது யாரு சடைன்னு நாங்க வீட்ல உக்காந்து பட்டிமன்றமே நடத்துனோம். கீழ செய்தில பேரை எண்ணுனேன், பதினோரு பேரு. தலைவர், துணைத் தலைவர், முன்னாள் தலைவர், மைக் செட் உபயம் செஞ்சவர் வரைக்கும் இருக்காங்க. கடைசி வரி "மற்றும் மாணவிகள் பலர் கலந்துகொண்டனர்".

ஏனுங்க, விழாவே அவங்களுக்குத்தானுங்களே? கல்யாணத்துக்குப் போயிட்டு வந்து, பந்தில உக்காந்தவங்க பேரெல்லாம் எழுதிப்போட்டு, கடைசில மாப்பிள்ளை பொண்ணும் வந்திருந்தாங்கன்னு எழுதுன மாதிரி இருந்துச்சு. எம்பொண்ணு அந்தப் பக்கத்தை ரெண்டு தடவை படிச்சுது, அப்பறம் ஒன்னும் சொல்லாம மடிச்சு அட்டாளில போட்டுட்டுப் போயிருச்சு. எனக்கு மனசு பொக்குன்னு போச்சுங்க. எம்பொண்ணு டீம்ல சப்ஸ்டிட்யூட்தான், ஒரு மேட்ச்ல கூட இறங்கல, அதனால எம்பொண்ணு பேரு வரலைன்னு நான் சண்டைக்கு வரல. ஆடுன ஒன்பது பேரு பேருமே வரலைங்கறதுதான்.

உங்க நிருபர் மேலயும் குத்தம் சொல்ல மாட்டேன். அன்னைக்கு அவரு வரவே இல்லைங்க, யாரோ வாட்ஸ்அப்ல டைப் பண்ணி அனுப்புனதை அப்பிடியே போட்டிருப்பாருன்னு நெனைக்கிறேன், அனுப்புனவங்க அவங்கவங்க பேரை மறக்காம சேர்த்துட்டாங்க. அதான் இந்தத் தடவை நானே எழுதி அனுப்பறேன். நான் பனியன் கம்பெனில துணி ஓரம் அடிக்கற ஓவர்லாக் டைலருங்க, ஸ்கூல் மேலாண்மைக் குழுவுல ஒரு மெம்பர், அவ்ளோதான் என்ற தகுதி.

ஜூன் 2-ஆம் தேதி ஸ்கூல் திறந்துச்சு, செப்டம்பர் கடைசில காலாண்டு முடிஞ்சு லீவு விட்டாச்சு. இந்த நாலு மாசத்துல அந்த மதில் சுவத்துக்குள்ள என்ன நடந்துச்சுன்னு நான் பார்த்ததை மட்டும் சொல்றேன்.

முதல்ல கிரவுண்டு. கிரவுண்டுன்னு பேருதான், ஜூன்ல போய்ப் பார்த்தா முழுக்கக் கல்லு. கொக்கோ ஆடுறது எப்படின்னு உங்களுக்குத் தெரியும்ல, எட்டுப் புள்ளைங்க வரிசையா மண்ணுல குத்த வச்சு உக்காரணும், ஒன்னு இந்தப் பக்கம் பார்த்தா அடுத்தது அந்தப் பக்கம், ஒன்பதாவது புள்ள தொரத்தி வந்து முதுகுல தட்டி "கொ"ன்னதும் எந்திரிச்சுப் பாயணும், நடுக்கோட்டை தாண்டக் கூடாது, கடைசில கம்பத்தைப் பிடிச்சுச் சுத்தி விழுந்து தொடணும். கல்லு கெடக்கற தரைல விழுந்தா முழங்கால் என்னத்துக்காகும். பி.இ.டி. டீச்சர் ஒரு யோசனை பண்ணுனாங்க, காலைல பிரேயர் முடிஞ்சு கிளாசுக்குப் போறப்ப ஆளுக்குப் பத்துக் கல்லு பொறுக்கி மதிலோரம் போட்டுட்டுத்தான் போகணும்னு. ஆறாவது புள்ளைல இருந்து பிளஸ் டூ வரைக்கும் அத்தனை பேரும் பொறுக்குனாங்க. மூணு வாரத்துல மதிலோரம் கல்லு இடுப்பு உசரத்துக்கு நின்னுச்சுங்க. ஒரு ரூபா செலவில்ல, ஒரு மனு இல்ல. இதுக்கு முந்தி நாங்க மூணு வருஷமா கிரவுண்டு சரி பண்ணிக் குடுங்கன்னு மனு எழுதிட்டு இருந்தோம்கறது வேற கதை.

அந்தக் கிரவுண்டுலதான் ஜோனல்ல ஜெயிச்ச டீம் உருவாச்சு. கேப்டன் புள்ள ஒன்பதாவது, அவங்கம்மா ஸ்பின்னிங் மில்லுல ஷிப்ட் வேலை. பிராக்டிஸ் முடியவே அஞ்சே முக்கால் ஆயிரும், அதுக்கு மேல எங்கூருக்கு அடுத்த டவுன் பஸ் நெம்ப நேரம் கழிச்சுத்தான், பொம்பளைங்களுக்கு பஸ் ஃப்ரீதான், ஆனா ஃப்ரீ பஸ்ஸும் வந்தாத்தானுங்களே ஏற முடியும். பொழுதோட பொண்ணுங்களைத் தனியா நிக்க விட முடியாதுன்னு மேலாண்மைக் குழு அம்மாமாரு முறை போட்டுக்கிட்டோம், யாரு வீட்ல டிவிஎஸ் எக்ஸ்எல் இருக்கோ அவங்க வாரத்துல ஒரு நாள். எனக்கு வியாழக்கிழமை. முன்னாடி ஒன்னு, பின்னாடி ரெண்டுன்னு ஏத்திட்டுப் போவேன், தப்புதான், போலீஸ்காரரு படிச்சா மன்னிச்சுக்கட்டும்.

ஜோனல்ல ஜெயிச்சப்ப புள்ளைங்க போட்டிருந்தது சாயம் போன பழைய டிரஸ், முதுகுல ஊக்கு குத்துன பேப்பர் நம்பர். எதிர் டீம் பிரைவேட் ஸ்கூல், பளபளன்னு ஜெர்சி. சுமார் 40 ஆயிரம் கோடி ரூபாய்க்கு வருஷம் துணி எக்ஸ்போர்ட் பண்ற நம்ம திருப்பூர் ஜில்லாவுல, டீம்ல இருக்கற முக்கால்வாசிப் புள்ளைங்களுக்கு அப்பா இல்லாட்டி அம்மா பனியன் கம்பெனில இருக்கறப்ப, நம்ம புள்ளைங்க ஊக்கு குத்திட்டு ஓடுதுங்களேன்னு எனக்கு வெக்கமாப் போச்சு. ஆனா அப்ப கம்பெனில தெனமும் ஒன்றரை ஷிப்ட், எங்க நேரம்.

நேரம் வந்துச்சுங்க, வேண்டாத வழில வந்துச்சு. அமெரிக்காக்காரன் ஆகஸ்ட் 7-ல 25 சதவீதம் வரி போட்டு, 27-லிருந்து 50 ஆக்குனான்ல, எங்க கம்பெனில ஆர்டர் அப்படியே நின்னுச்சு. ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்ட் ஆச்சு, அப்பறம் வாரத்துல நாலு நாள்தான் வேலைன்னாங்க. சனிக்கிழமை சம்பளக் கவர் பாதியாப் போச்சு. வீட்ல சும்மா உக்காந்து கவலைப்படறதுக்குப் பதிலா ஜெர்சி அடிக்கலாம்னு அஞ்சு அம்மாமாரு சேர்ந்தோம். திருப்பூர் காதர்பேட்டை துணிக்கடைகள்ல போய் கிலோ கணக்குல பிட் துணி வாங்கியாந்தோம், நீலம். கட்டிங் தெரிஞ்ச அக்கா ஒருத்தங்க, அவங்க வீட்லயே பவர் டேபிள் போட்டு ஜாப் ஒர்க் பண்றவங்க, பழைய நியூஸ் பேப்பர்ல பேட்டர்ன் வெட்டுனாங்க (உங்க பேப்பர்தானுங்க, கோவிச்சுக்காதீங்க). நான் ஓவர்லாக், இன்னொருத்தங்க பிளாட்லாக்ல கையும் கீழயும் மடிச்சாங்க, கழுத்துக்கு வெள்ளை ரிப், கேப்டன் புள்ள அம்மா நைட் ஷிப்ட் முடிச்சு வந்து தூக்கக் கலக்கத்துல பிசிறு வெட்டுனாங்க. ஞாயித்துக்கிழமை ஒரே நாள்ல பன்னெண்டு ஜெர்சி.

நம்பர் ஒட்டறதுதான் என் வேலைன்னு நானே வாங்கிட்டு வந்தேன். ஸ்டிக்கர் ஷீட்டை வச்சு மேல அயர்ன் பாக்ஸை அழுத்தணும், எடுத்தா நம்பர் துணில ஒட்டியிருக்கும். மூணு வரைக்கும் சரியா வந்துச்சு. நாலாம் நம்பரை வச்சு அழுத்துறேன், கரண்ட் போச்சு. இருட்டுல கை நகந்துருச்சு போல, கரண்ட் வந்து பார்த்தா நாலு ஒரு பக்கமா சாஞ்சு நிக்குது, குடிச்சவனாட்டம். உரிச்சா துணி போயிரும். அந்த நம்பர் புள்ளகிட்ட, கண்ணு இதை மட்டும் மாத்தித் தர்றேன்னு சொன்னேன், வேண்டாம் அத்தை, இப்பிடியே குடுங்கன்னு வாங்கிப் போட்டுக்குச்சு. மாவட்டப் போட்டில முதல் மேட்ச் ஜெயிச்சாங்க, அந்த நாலாம் நம்பர் புள்ள தொரத்துறதுல மூணு பேரை எடுத்துச்சு, அதுக்கப்பறம் நான் அந்த ஜெர்சியைக் கேட்டா ஒளிச்சு வச்சுக்குது. ரெண்டாவது மேட்ச் தோத்துட்டாங்க. ஒரே ஒரு பாயின்ட்டு.

தோத்ததை எதுக்குப் பேப்பர்ல போடணும்னு நீங்க கேக்கலாம். போட்டிருக்கீங்களே முந்தி. 2022-ல நாடு முழுக்க 75 கவர்மென்ட் ஸ்கூல்ல இருந்து 750 பொண்ணுங்க சேர்ந்து ஒரு சின்ன சாட்டிலைட்டுக்கு வேலை செஞ்சாங்கல்ல, ஆசாதிசாட்னு, நம்ம மதுரைப் பக்கம் திருமங்கலம் பொண்ணுங்க கூட அதுல இருந்தாங்க. ஆகஸ்ட் 7-ஆம் தேதி ராக்கெட் போச்சு, சரியான சுத்துப்பாதைல விடலை, வீணாப் போச்சு. ஆனாலும் தமிழ்நாட்டுப் பேப்பர் எல்லாம் அந்தப் பொண்ணுங்களைப் பத்தி எழுதுச்சு. அடுத்த வருஷம் பிப்ரவரி 10-ல ரெண்டாவதா அனுப்புனது நல்லபடியாப் போய்ச் சேர்ந்துச்சு. ஸ்ரீஹரிகோட்டால இருந்து போற ராக்கெட்டும் எங்க கல்லு கிரவுண்டும் ஒன்னான்னு சிரிப்பீங்க. எழுத மனசிருந்தா எழுத வரும்னுதான் சொல்ல வந்தேன்.

அடுத்தது கும்மி. நம்ம பக்கத்துக் கோயில் நோம்பில ஆடுற வள்ளி கும்மி முந்தியெல்லாம் ஆம்பளைங்கதான் ஆடுவாங்க. கோயமுத்தூர் மாவட்டத்து பத்திரப்பன் ஐயா பொம்பளைங்களுக்கும் சொல்லிக் குடுத்தாரு, 87 வயசுல, 2024-ல பத்மஸ்ரீ வாங்குனாரே அவருதான். இப்ப எந்த ஊருக்குப் போனாலும் அரங்கேற்றம்தான். எங்க ஸ்கூல்ல ஒரு புள்ளையோட அம்மாயி வந்து சனிக்கிழமை சனிக்கிழமை சொல்லிக் குடுத்தாங்க, காசு வாங்கல, டீ மட்டும். இருபத்தி நாலு புள்ளைங்க. அதுல ரெண்டு புள்ளைங்க பீகாருங்க, ஒன்னு ஒடிசா, அப்பா அம்மா எங்க கம்பெனிப் பக்கந்தான் செக்கிங், பேக்கிங்னு இருக்காங்க. பீகார் புள்ளைல சின்னது எட்டாவது, அடவு எல்லாம் மத்த புள்ளைங்களுக்கு முந்தியே பிடிச்சுக்குச்சு, ஒரு நாள் பாட்டை நிறுத்தி "பாட்டி, வேடன்னா யாரு, போலீஸா?"ன்னு கேட்டுச்சு பாருங்க, அம்மாயி சிரிச்சு சிரிச்சுக் கண்ணுல தண்ணி வந்து, அன்னைக்கு ஆட்டமே விட்டுட்டு உக்காந்து முழுக்கதையும் சொன்னாங்க, தினைப்புனத்துல வள்ளி கிளி விரட்டுனது, முருகன் வேசம் போட்டு வந்தது எல்லாம். அடுத்த வாரம் அந்தப் புள்ள அந்தக் கதையை இந்தில அவங்க லைன் வீட்டுப் பொம்பளைங்களுக்குச் சொல்லிட்டு இருந்துச்சாம்.

ஆகஸ்ட் 15 விழாவுல அந்தக் கும்மி இருபது நிமிஷம்னு இருந்துச்சு. வந்தவங்க ஒன்றரை மணி நேரம் லேட்டு, புள்ளைங்க சேலை கட்டி சலங்கை கட்டி வெயில்ல உக்காந்து, பூ வாடி, மை கரைஞ்சு. வந்ததும் பேசுனாங்க, பேசுனாங்க, எல்லாரும் பேசுனாங்க. கடைசில "நேரமின்மை காரணமாக"ன்னு மைக்ல சொல்லி மூணு நிமிஷத்துல முடிக்கச் சொல்லிட்டாங்க. வள்ளி கிளி விரட்டறதுக்கு முந்தியே கதை முடிஞ்சுது. அம்மாயிக்கு ஒரு சால்வை கூட இல்ல. நான் இதை மேலாண்மைக் குழு மீட்டிங்ல கேட்டேன், எச்.எம். மேடம் நல்லவங்க, "அடுத்த தடவை முதல்ல கும்மி, அப்பறம் பேச்சு"ன்னு நோட்ல எழுதி வச்சிருக்காங்க, பார்க்கலாம்.

திருக்குறள் புள்ள ஒன்னு இருக்கு. ஏழாவது. 1330 குறளையும் ஒப்பிச்சா தமிழ் வளர்ச்சித் துறைல 15,000 ரூபா தர்றாங்கன்னு தமிழய்யா சொன்னதுல இருந்து பிடிச்சுக்குச்சு, காலாண்டு வரைக்கும் எண்ணூத்திச் சில்லறை முடிச்சிருச்சாம். அவங்க வீட்ல ஓட்டறது விசைத்தறி, தறி ஓடுற சத்தத்துக்கு நடுவுல தன் குரல் தனக்குக் கேக்கணும்னு கத்திக் கத்திப் படிச்சுப் பழகி, கிளாஸ்ல சாதாரணமா சொல்லச் சொன்னாலும் நாலு கிளாஸுக்குக் கேக்கற மாதிரிதான் சொல்லும். பக்கத்து ரூம் கணக்கு டீச்சர் வந்து, அடக்கமுடைமையாவது மெதுவா சொல்லு அம்மிணின்னு கேட்டுட்டுப் போனாங்களாம்.

அறிவியல் பக்கமும் வெறுங்கையா இல்லைங்க. வானவில் மன்றம்னு ஆறு முதல் எட்டாவது வரைக்கும் நடக்குது. எங்க புள்ளைங்க நூல் சுத்தி வர்ற கோன் அட்டையைக் கம்பெனில இருந்து வாங்கியாந்து, நுனில ஓட்டை, இந்தப் பக்கம் டிரேசிங் பேப்பர் ஒட்டி, ஊசித்துளை கேமரா செஞ்சாங்க. அதுல பார்த்தா எல்லாம் தலைகீழாத் தெரியும்ல, எச்.எம். மேடத்தை வெயில்ல நிக்க வச்சு வரிசைல நின்னு பார்த்தாங்க. அந்த அம்மாவும் கால் மணி நேரம் அசையாம நின்னாங்க.

இது போக எட்டாவது புள்ளைங்க முப்பது பேரு என்எம்எம்எஸ்னு உதவித்தொகைப் பரீட்சைக்குக் காலைல எட்டரைக்கே வந்து உக்காந்துக்கறாங்க, பாஸ் பண்ணி செலக்ட் ஆனா ஒன்பதாவதுல இருந்து பிளஸ் டூ வரைக்கும் மாசம் 1000 ரூபாங்க, எங்க மாதிரி வீட்ல அது சின்னக் காசு இல்ல. பிளஸ் ஒன் புள்ளைங்க தமிழ் இலக்கியத் திறனறித் தேர்வுக்குப் படிக்குதுங்க, அதுல தேர்வாகுற 1500 பேருக்கு ரெண்டு வருஷம் மாசம் 1500. இந்த வருஷத்துல இருந்து பிளஸ் ஒன்னுக்குப் பப்ளிக் பரீட்சை இல்லன்னு ஆகஸ்ட்ல சொன்னதும், முந்தி ரெக்கார்டு நோட்டுன்னு பூட்டி வச்சிருந்த புள்ளைங்களைக் கொஞ்சம் வெளில விடறாங்க. படிப்புக் கெட்டுப்போகும்னு சில வீட்ல புலம்பறாங்க. என்ற பெரிய பொண்ணு இதே ஸ்கூல்ல கும்மியும் ஆடிட்டு, கொக்கோவும் ஆடிட்டு, இப்பக் கோயமுத்தூர்ல காலேஜ் படிக்குது, புதுமைப்பெண் காசு மாசம் 1000 அதோட அக்கவுன்ட்லயே விழுகுது, என்கிட்டக் கணக்குச் சொல்றதில்ல, கேட்டா "சிறுவாடும்மா"ங்குது.

உங்களுக்கு எங்க ஸ்கூலுக்கு வழி தெரியாதுன்னு இல்லைங்க. மே மாசம் தவறாம வருவீங்க. இந்த வருஷம் மே 8-ல பிளஸ் டூ ரிசல்ட் வந்தப்ப, மாநில அளவுல அரியலூர் 98.82, அடுத்து ஈரோடு 97.98, மூணாவது நம்ம திருப்பூர் 97.53, கோயமுத்தூர் 97.48ன்னு பெருசா போட்டீங்க, பொண்ணுங்க 96.70, பசங்க 93.16ன்னு போட்டீங்க, வாய்ல கேக் ஊட்டுற போட்டோ போட்டீங்க. சந்தோசம்தான். அந்த ஒரு நாள் பொண்ணுங்களுக்குப் பேரு இருக்கு, மார்க் இருக்கு, அப்பா என்ன வேலைன்னு கூட இருக்கு. மறுநாள்ல இருந்து அடுத்த மே வரைக்கும் "மாணவிகள் பலர்".

நான் கேக்கறது பெருசா ஒன்னுமில்லைங்க. பருவத்துக்கு ஒரு தடவை, காலாண்டு அரையாண்டு லீவு விடறப்ப, நம்ம சுத்துப்பட்டுப் பொண்ணுங்க ஸ்கூல்கள்ல என்ன நடந்துச்சுன்னு அரைப்பக்கம் போடுங்க. போட்டோ போட்டா இடமிருந்து வலமா புள்ளைங்க பேரை எழுதுங்க, வேட்டிக்காரங்க பேரு இடமிருந்தா போடுங்க. ஒன்னு மட்டும், எல்லா வீட்லயும் ஒத்துக்க மாட்டாங்க. டீம்லயே ஒரு புள்ளையோட அப்பா, பொட்டப்புள்ள படம் பேப்பர்ல வேண்டாம்னு இன்னும் சொல்லிட்டுத்தான் இருக்காரு, நான் போய்ப் பேசியும் பார்த்தேன், டீ குடுத்து அனுப்பிட்டாரு. அதனால கேட்டுட்டுப் போடுங்க. நானும் அதுக்காகத்தான் இந்த லெட்டர்ல ஒரு புள்ள பேரும் எழுதல, அந்தந்த அம்மாமாருகிட்டக் கேக்காம எழுத எனக்கு உரிமையில்ல. அது உங்க நிருபர் நேர்ல வந்து கேட்டு வாங்க வேண்டியது.

லீவு முடிஞ்சு பிராக்டிஸ் மறுபடி ஆரம்பிக்கும். நாலரைக்கு மேல வாங்க, பெரிய கேட் பூட்டியிருக்கும், சின்னக் கேட் வழியா வந்தா வேப்பமரத்தடில இருப்பாங்க. வியாழக்கிழமை வந்தா நானும் இருப்பேன், எக்ஸ்எல்லோட. வந்தா அந்த நாலாம் நம்பர் புள்ளகிட்ட, நாலு ஏன் சாஞ்சிருக்குன்னு மட்டும் கேட்டுராதீங்க. அது கரண்ட் போனதைச் சொல்லாது, அத்தைக்கு அயர்ன் பண்ணத் தெரியாதுன்னுதான் சொல்லும்.

இப்படிக்கு,
கொக்கோ டீம் சப்ஸ்டிட்யூட் புள்ளையோட அம்மா,
அவிநாசி பக்கம், திருப்பூர் மாவட்டம்.